குவைத் சொக்லேட் தின்ற ஜிம்மி

அன்று காலையில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், என் மனைவி மலர், மலரின் தங்கை சாந்தி, சாந்தியைக் கொக்கட்டிச்சோலைக்கு ஏற்றிப் போகக் காத்தான்குடியிலிருந்து ஓட்டோவோடு வந்து வாசலில் நின்ற றமீஸ், எங்கள் நாய் ஜிம்மி. வேறு ஒருவரும் இல்லை. இதை முதலில் எழுதி வைக்கக் காரணம், பிறகு எங்கள் ஒழுங்கையில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பக்கத்து வீட்டார் நஞ்சு வைத்துவிட்டதாகக்கூடச் சொன்னார்கள். பாவம், அவர்கள் அன்று ஊரிலேயே இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆரையம்பதியில் வீதியோரம் சைக்கிள் திருத்துகிறேன். எழுதிப் பழக்கம் இல்லை. ஆனால் நாய் சொக்லேட் தின்றால் என்ன செய்வது என்று யாராவது எனக்கு முன்னமே சொல்லியிருந்தால், அந்த நாட்களில் நான் பட்டதில் பாதியைப் படாமல் இருந்திருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். காஸ் அடுப்பைப் பூட்டினேனா என்று படுத்த பிறகும் எழும்பிப் போய்ப் பார்ப்பேன். நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்தால் இன்றோடு முடிந்தது என்று நினைப்பேன். பெரியாஸ்பத்திரியில் இரண்டு தரம் நெஞ்சைப் பார்த்து, ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றும் இல்லை என்றால் ஏன் இப்படி அடிக்கிறது என்று அவர்களிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஜிம்மி என் கட்டிலுக்குக் கீழே படுப்பான். அவன் மூச்சு வாங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். மலர் இதைச் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் உண்மை அதுதான். அவன் இல்லாவிட்டால் நான் தூங்கமாட்டேன்.

சாந்தி குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு அந்தக் கிழமைதான் வந்திருந்தாள். வெளிநாட்டால் வருகிறவர் வெறுங்கையோடு வரக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சவர்க்காரமோ தைலமோ தப்பலாம், சொக்லேட் தப்பவே முடியாது. ஒரு வீட்டுக்குக் கொடுத்து இன்னொரு வீட்டை விட்டால் அந்தக் குறை அடுத்த கலியாண வீடு வரைக்கும் நிற்கும். எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகளுக்கு அவள் முதல் நாளே கொடுத்து முடித்துவிட்டாள். மீதியை மண்முனைப் பாலத்துக்கு அப்பால் கொக்கட்டிச்சோலையில் இருக்கும் சொந்தக்காரருக்கும், மாங்கேணிப் பெரியம்மாவுக்கும் என்று சின்னச் சின்னப் பொலித்தீன் பைகளில் கட்டி, முன் அறையில் பாயில் பரப்பி வைத்திருந்தாள். கட்டும்போது உதவிக்குப் போன மலரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காலையில் சாந்தி குளிக்கப் போனாள். மலர் குசினியில் நின்றாள். நான் கடைப் பூட்டின் திறப்பை எடுக்க முன் அறைக்குள் போனேன். பாய் முழுவதும் தங்கக் கலர்க் கடதாசி. ஜிம்மி நடுவில் இருந்து வாயை நக்கிக்கொண்டிருந்தான். வால் ஆடியது. மூன்று பைகளைப் பாதிக் கடதாசியோடு முடித்திருந்தான்.

மலர் வந்து பார்த்துவிட்டு, "பெரியம்மாட பங்கும் போச்சு," என்றாள்.

றமீஸ் வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்தார். "நாயும் வெளிநாட்டுச் சாமான்தான் தேடுது. உள்ளூர் விசுக்கோத்துப் போட்டாத் திரும்பிப் பாக்குமா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாய்க்குச் சொக்லேட் ஆகாது என்று எங்கோ கேட்ட ஞாபகம். அதைச் சொன்னேன். மலர் உடனே ஒரு தேங்காயை உடைத்துத் திருவத் தொடங்கினாள். எங்கள் வீட்டில் நஞ்சு என்ற சொல்லைக் கேட்டால் முதலில் தேங்காய்ப்பால்தான். "உப்புத் தண்ணியும் கலக்குங்க, பருக்கினா எல்லாம் வெளிய வந்திரும்," என்றாள் என்னிடம்.

"ஒண்டும் பருக்காதீங்க," என்றார் றமீஸ். "எண்ட மாமாட ஆடுகளப் பாக்கிற டொக்டர் ஒராள் டவுன்ல இரிக்காங்க. கேட்டுட்டுச் செய்வம்."

அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. அரசாங்க மிருக வைத்தியர் கந்தோர் பூட்டு. றமீஸ் தன் போனில் அந்த டொக்டரை எடுத்து என் கையில் தந்தார். பெண் குரல். அவசரம் இல்லாமல் கேட்டார். எப்போது தின்றது, எவ்வளவு தின்றது, நாய் எத்தனை கிலோ, என்ன வகைச் சொக்லேட். இந்த நாலு கேள்விக்கும் விடை கையில் இருக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போது சொல்கிறேன், கடதாசியை எறியாதீர்கள். மிஞ்சியிருப்பதையும் எடுத்து வையுங்கள்.

தின்று அரை மணித்தியாலமும் இல்லை என்றேன். மூன்று பை, கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும் என்றேன். நாயின் நிறையை றமீஸ் கண்ணாலேயே பார்த்துப் பதினெட்டுக் கிலோ என்றார். ஆடு வாங்கி விற்கிற வீட்டுப் பிள்ளை, அதில் பிழை வராது. வகை என்ன என்று சாந்தியிடம் கேட்டேன். அவள் தலையில் துவாயோடு நின்றாள்.

"பால் சொக்லேட் அத்தான். கடதாசில படம் இரிக்கே," என்றாள்.

இருந்தது. கிண்ணத்தில் பால் ஊற்றுகிற படம்.

டொக்டர் விளங்கப்படுத்தினார். சொக்லேட் செய்கிற கொக்கோவில் தியோபுரோமின் என்று ஒரு சரக்கு இருக்கிறதாம். தேயிலையும் கோப்பியும் நம்மை விழிக்க வைக்கிற மாதிரியான சரக்கு. மனிதர் உடம்பு அதைக் கெதியாக எரித்துவிடும். நாயின் உடம்புக்கு அது முடியாது. நாட்கணக்கில் உள்ளே நின்று இதயத்தை ஓட ஓட விரட்டும், நரம்பை இழுக்கும். பால் சொக்லேட்டில் அது குறைவு, கறுப்பு நிறமாகக் கைப்பாக இருப்பதில் பல மடங்கு கூட.

"பால் சொக்லேட் எண்டா இந்தக் கனத்து நாய் இந்த அளவத் தாங்கும். வீட்டில வெச்சுக் கவனமாப் பாருங்க. சத்தி, கனக்கத் தண்ணி குடிக்கிறது, ஒரு இடத்தில இரிக்காம நடக்கிறது, நடுக்கம், இதுல எது வந்தாலும் உடனே கொண்டு வாங்க. உப்புத் தண்ணி பருக்காதீங்க, அது தனி நஞ்சு. தேங்காய்ப்பாலும் வேணாம், கொழுப்பு வயித்த இன்னும் கெடுக்கும்."

மலர் பிழிந்த பாலோடு நின்றாள். அது மத்தியானம் சொதியாகியது.

சாந்தி அன்றைய பயணத்தை நாளைக்கு என்று சொல்லிவிட்டாள். றமீஸ், ஏதும் என்றால் அடியுங்கள் என்று நம்பரைத் தந்துவிட்டு வேறு ஹயருக்குப் போனார். நான் கடை திறக்கவில்லை. ஜிம்மியைப் பார்த்தபடி கதிரையில் இருந்தேன். சாந்தி வந்து படியில் இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "கறுப்பெண்டா டொக்டர் என்ன சொன்னவ அத்தான்?" என்று கேட்டாள்.

"பல மடங்கு கூடவாம். ஏன்?"

"சும்மா."

மத்தியானத்துக்கு முன்னமே ஜிம்மி தண்ணீர்ச் சட்டியை இரண்டு தரம் காலியாக்கிவிட்டான். பிறகு வீட்டுக்குள்ளேயே சலம் விட்டான். குட்டியாக இருந்தபோதுகூட அப்படிச் செய்யாதவன். முன்னுக்கும் பின்னுக்கும் நடந்தான். படு என்றால் படுப்பான், உடனே எழும்புவான். தின்றது மண் நிறத்தில் வெளியே வர இரண்டு தரம் சத்தி எடுத்தான். பின்னங்கால் இரண்டும் குளிரில் நடுங்குகிற மாதிரி நடுங்கத் தொடங்கின. நான் போனில் நம்பரைப் பிழை பிழையாக அழுத்தினேன். மலர்தான் றமீசுக்குப் போன் எடுத்தாள்.

றமீஸ் வந்த பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவர் முஸ்லிம் ஆள். நாயின் வாய்நீர் பட்டால் அவர்களுக்குத் தொழுகைக்கு ஆகாது. அவர் அந்த ஓட்டோவில்தான் பள்ளிவாசலுக்கும் போகிறவர். நான் நாயைத் தூக்கிக்கொண்டு வாசலில் தயங்கி நின்றேன். அவன் வாயால் நுரையாக வடிந்துகொண்டிருந்தது. அவர் பின் இருக்கையில் மழைக்குப் போடுகிற தறப்பாளை விரித்தார்.

"என்னத்த யோசிக்கீங்க அண்ணன், ஏத்துங்க. மண் போட்டு ஒரு தரம், தண்ணியால ஆறு தரம் கழுவினாச் சரி. அது எண்ட வேல. மறுகாப் பாப்பம்."

நானும் சாந்தியும் நாயை நடுவில் வைத்துக்கொண்டு ஏறினோம். மலர் வீட்டைப் பூட்ட ஆள் வேண்டும் என்று நின்றுவிட்டாள். கல்லடிப் பாலத்தில் ஏறும்போது ஜிம்மியின் விலா என் கைக்குள் தையல் மெசின் மாதிரி ஓடியது. கீழே வாவியில் யாரோ வலை எறிந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு கவலையும் இல்லை என்று எனக்குக் கோபம் வந்தது.

டொக்டர் தன் வீட்டோடு சேர்த்துக் கட்டிய இரண்டு அறையில் கிளினிக் நடத்துகிறார். வெளியே மாமரத்தின் கீழ் உட்கார ஒரு வாங்கு. எங்களுக்கு முன்னால் ஒரு அம்மா ஆட்டுக்குட்டியைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

"நாய்க்கு என்ன மனே?" என்று கேட்டார்.

"சொக்லேட் திண்டுட்டு."

அவர் ஜிம்மியை மேலிருந்து கீழே பார்த்தார். "எண்ட வீட்டில புண்ணாக்கு வாங்கவே காசில்ல," என்றார். பிறகு அவன் நடுக்கத்தைக் கண்டு, சாக்கோடு எழும்பி, "நீங்க முதல்ல போங்க. இதுக்கு வயித்தால போறதுதான், அது நிக்கும்," என்று இடம் விட்டார்.

டொக்டர் சின்ன வயது. நாயை மேசையில் கிடத்தி, குழாயை வைத்து நெஞ்சைக் கேட்டார். கண்ணுக்குள் டோர்ச் அடித்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"பால் சொக்லேட் இந்தளவு செய்யாதே. வேற ஏதும் திண்டதா? வட்டைக்கு அடிக்கிற மருந்து? எலி மருந்து? வடிவா யோசிச்சுச் சொல்லுங்க. வயல் மருந்தெண்டா குடுக்கிற ஊசி வேற. அது நெஞ்ச இன்னும் வேகமாக்கும். பிழையாக் குடுத்தா இந்த நாய் தாங்காது."

எங்கள் வீட்டைச் சுற்றி வயல் இல்லை என்றேன். ஆனால் பயந்தவன் மனம் எங்கே நிற்கும். பக்கத்தில் யாரும் வைத்திருப்பார்களோ, நான் கடையில் பெயின்ட் தின்னர் திறந்து வைத்தேனோ என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். டொக்டர் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு ஊசிப் பெட்டியின் மேல் கையை வைத்தபடி நின்றார்.

"டொக்டர்," என்றாள் சாந்தி. சுவரோடு ஒட்டி நின்றாள். "அது பால் சொக்லேட் இல்ல. கேக்குக்குப் போடுற கறுப்புக் கட்டி. பெரிய கட்டியா வாங்கி நான்தான் உடைச்சன். குவைத்தில மேடம்ட புள்ளைகள் திண்டுபோட்ட கடதாசியச் சேத்து வெச்சுச் சுத்தினன்."

டொக்டர் ஏசவில்லை. "கட்டில கொக்கோ எத்தினை வீதமெண்டு போட்டிருந்ததா?"

"எழுவது."

"சரி. இப்ப எனக்கு வேலை செய்யலாம்," என்றார்.

செய்தது இவ்வளவு. காலில் ஊசி ஏற்றிச் சேலைன் விட்டார்கள். இதயத்தின் ஓட்டத்தை மெதுவாக்க ஒரு மருந்து, இழுப்பு வராமல் இருக்க ஒரு மருந்து. சத்தி அடங்க ஊசி போட்டுவிட்டு, மை மாதிரிக் கறுப்பாக ஒரு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குள் விட்டார்கள். அது மருந்துக்கென்று செய்த கரித்தூள். குடலில் நிற்கிற நஞ்சை அந்தக் கரி பிடித்து வைத்துக்கொள்ளுமாம். வீட்டு அடுப்புக் கரி அதற்கு உதவாது, கேட்டுவிட்டேன். காலையிலேயே உண்மை தெரிந்திருந்தால் ஊசி போட்டுச் சத்தி எடுக்க வைத்து முக்கால்வாசியையும் வெளியே எடுத்திருக்கலாம், இப்போது பாதி இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார் டொக்டர். சாந்தி அதை நிலத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

பிறகு டொக்டர் குழாயின் இரண்டு முனையையும் என் காதில் வைத்தார். ஏன் வைத்தார் என்று தெரியவில்லை, நான் அவ்வளவு கேள்வி கேட்டதாலாக்கும். ஜிம்மியின் நெஞ்சைக் கேட்டேன். இடைவெளியே இல்லை. என் நெஞ்சு அடிப்பதாக இவ்வளவு காலமும் சொல்லித் திரிந்தது ஒன்றுமே இல்லை.

அங்கே இரண்டு இரவு நின்றோம். இரவுகளைப் பற்றி நிறைய எழுத எனக்குத் தெம்பில்லை. கதிரையில் இருந்து இருந்து முதுகு போய்விட்டது. நுளம்புக் கடி. சேலைன் சொட்டுகிறதா என்று பார்ப்பது, மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பது, திரும்பச் சேலைன். மலர் காலையும் மாலையும் பஸ்ஸில் சோறு கட்டிக்கொண்டு வந்தாள். தங்கச்சிக்கும் சேர்த்துக் கட்டினாள். ஆனால் கடதாசிக் கதையைக் கேட்ட பிறகு அவளோடு பேசவில்லை. பார்சலை அவள் பக்கம் தள்ளி வைப்பாள், அவ்வளவுதான்.

ஒரு வேலை மட்டும் எங்களிடம் இருந்தது. அந்தச் சரக்கு சலத்தில்தான் வெளியேறும். சலம் உள்ளே தேங்கி நின்றால் சலப்பையிலிருந்து திரும்ப இரத்தத்துக்கு ஏறிவிடும். அதனால் அடிக்கடி வெளியே கொண்டு போகச் சொன்னார் டொக்டர். ஜிம்மியால் நடக்க முடியாது. நான் வயிற்றுக்குக் கீழே துவாயைப் போட்டுத் தூக்கிப் பிடிப்பேன். சாந்தி சேலைன் போத்தலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கூட வருவாள். மாமரத்தைச் சுற்றி நடப்போம். அவன் சலம் விட்டால் எங்களுக்குச் சம்பளம் கிடைத்த மாதிரி.

அப்படி நடக்கும்போதுதான் நான் கேட்டேன். "காலையிலயே சொல்லியிருக்கலாமே புள்ள."

"எப்பிடிச் சொல்ற? றமீஸ் நிக்கார், அக்கா நிக்கா. எத்தினை வீடெண்டு தெரியுமா அத்தான் நம்மட ஆக்கள்? நாப்பதுக்கு மேல. நல்ல பொட்டி வாங்கினா எண்ட ரெண்டு மாசச் சம்பளம் போகும். வாங்காட்டி, குவைத்துக்குப் போயும் கை நீளல்ல எண்டுவாங்க. கட்டிதான் மலிவு." போத்தலைக் கை மாற்றிப் பிடித்தாள். "வந்து இறங்கின நாள் துவக்கம் என்ன கொண்டு வந்தாய் எண்டுதான் எல்லாரும் கேக்காங்க. அங்க என்னத்தத் திண்டாய் எண்டு ஒருத்தரும் கேக்கல்ல."

நானும் கேட்டதில்லை. அப்போது கேட்டேன். சொன்னாள். அதை இங்கே எழுத வேண்டாம் என்றாள்.

இரண்டாம் நாள் விடியற்காலை ஜிம்மிக்கு இழுப்பு வந்தது. கழுத்து பின்னுக்கு வளைந்து, நாலு காலும் கட்டை மாதிரி நீண்டது. நான் அவன் வாயைப் பிடிக்கப் போனேன். டொக்டர் உறக்கத்தால் எழும்பி வந்த உடுப்போடு என் கையைத் தட்டிவிட்டார். இழுப்பு வரும்போது வாய்க்குள் கை வைக்கக் கூடாது. தலை அடிபடாமல் துணி வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். ஊசி போட்டார். கால் தளர்ந்தது. போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். சாந்தி போத்தலைப் பிடித்தபடியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

போகவில்லை. மத்தியானம் வரைக்கும் ஒரே கிடை. பிறகு கண்ணைத் திறந்து, மலர் கொண்டு வந்த சோற்றுப் பார்சல் பக்கம் மூக்கைத் திருப்பினான். டொக்டர் நெஞ்சைக் கேட்டுவிட்டு, "இறங்குது," என்றார். அன்று மாலை மாமரத்தின் கீழ் அவன் மலம் கழித்தபோது தங்கக் கலர்க் கடதாசி பளபளவென்று வந்தது. மலர் அதைப் பார்த்து முதலில் சிரித்தாள். பிறகு, "சாந்தி, இஞ்ச வா கா, உண்ட நகை வந்திருக்கு," என்றாள். அதுதான் அவள் தங்கச்சியோடு பேசிய முதல் வார்த்தை.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் கேட்டார். "மத்த வீடுகளுக்கும் இதையா குடுத்த? அங்க நாய் இல்லையா?"

றமீஸ் எங்களை வீட்டில் இறக்கியதும் சாந்தி உடுப்பைக்கூட மாற்றாமல் படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கையில் இறங்கினாள். அவளைத் தனியே விட மனம் வராமல் நானும் பின்னால் போனேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று அதையே சொன்னாள். கடதாசியில் இருப்பது பொய், உள்ளே இருப்பது கேக்குக்குப் போடுகிற கறுப்புக் கட்டி, பிள்ளைகள் தின்னலாம், நாய்க்குப் போடவே வேண்டாம். ஒரு வீட்டில் கேட்டுத் தலையாட்டினார்கள். ஒரு வீட்டில், "நாங்களும் பாத்தம், குவைத்துச் சொக்லேட் இப்பிடிக் கைக்குமா எண்டு," என்று சொல்லி உள்ளுக்குப் போய்ச் சிரித்தது எங்களுக்குக் கேட்டது. சாந்தி அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.

கடைசி வீட்டில் ஒரு அக்கா தன் நாயைக் குரைக்காதே என்று அதட்டியபடி வந்தார். சாந்தி சொல்லத் தொடங்கியதும், "நல்ல வேளை வந்தாய்," என்றார். "கைக்குதெண்டு புள்ளைகள் துப்பிட்டுகள். வீசவும் மனமில்ல. பின்னேரம் சோத்தோட நாய்க்குப் போடுவமெண்டு வெச்சிருந்தன்." உள்ளே போய்ப் பையை எடுத்து வந்து கொடுத்தார். கிட்டத்தட்ட முழுவதும் அப்படியே இருந்தது. அந்த நாய் ஜிம்மியில் பாதிகூட இல்லை.

சாந்தி பையை வாங்கிக்கொண்டு திரும்பினாள். வரும் வழியில் அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. கொக்கட்டிச்சோலைப் பைகளை அவிழ்த்து, கடதாசியை எல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, கட்டியை மட்டும் டப்பாவில் போட்டாள். மலர் அதில் கேக் போடப் பழகுகிறாள். கேக்கைத்தான் இனி வீடு வீடாகக் கொடுக்கிறதாம். டப்பா அலுமாரிக்கு மேலே இருக்கிறது. போகவர நான் அதன் மூடியை அழுத்திப் பார்க்கிறேன்.

ஜிம்மி மெலிந்துவிட்டான். ஊசி ஏற்றிய காலில் மயிர் இன்னும் முளைக்கவில்லை. றமீஸ் போய்வந்த கூலியை மட்டும் எடுத்தார், கழுவின கூலி வேண்டாம் என்றார். டொக்டரின் பில் இருபத்தி நாலாயிரம். ஒன்பதாயிரம் நான் கட்டினேன், ஒன்பதாயிரம் சாந்தி கட்டினாள். இனிக் கொடுக்க இருப்பது ஆறாயிரம் ரூபாய்.